பத்து மாதம் வேறொரு வீட்டுப் பிள்ளையாக: அமெரிக்கப் பள்ளி மாணவர் பரிமாற்றத் திட்டம் எப்படி?

"ஒரு வருஷம் அமெரிக்காவில் படிக்கலாம், தங்கலும் சாப்பாடும் இலவசம்" என்று ஏஜென்சிக்காரர் சொன்னதும் பெற்றோர் மனதில் வருவது பள்ளிக்கூடம்தான். ஆனால் பரிமாற்றத் திட்டங்களுக்கென்றே உள்ள ஜே-1 விசாவில் போகும் இந்தத் திட்டத்தில் பள்ளி இரண்டாம் பட்சம். நாம் காசு கொடுப்பது, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் பத்து மாதம் பிள்ளையாக இருக்கும் இடத்துக்கு. வீடு நன்றாக அமைந்தால் சுமாரான பள்ளியிலும் வருஷம் நன்றாக ஓடும். வீடு அமையாவிட்டால் எப்பேர்ப்பட்ட பள்ளியில் சேர்த்தாலும் அக்டோபரிலேயே "அம்மா, நான் வந்துடறேன்" என்று போன் வரும். அதனால் இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்த வீட்டைப் பற்றித்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பு முடித்த, ஓரளவு தன் வேலையைத் தானே செய்துகொள்கிற, வாயைத் திறந்து கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு இது நல்ல திட்டம். நீட்டையோ ஜேஇஇயையோ குறிவைத்து எட்டாம் வகுப்பிலிருந்தே கோச்சிங் போகும் பிள்ளைக்கு இது பொருந்தாது. அந்தப் பத்து மாதத்தில் நம் பாடத்திட்டம் ஒரு வரிகூட நகராது. இரண்டையும் சேர்த்து ஓட்டலாம் என்று அமெரிக்க நேரம் இரவு 11 மணிக்கு ஆன்லைன் கோச்சிங் வைப்பவர்கள் உண்டு. அது இரண்டையும் கெடுக்கும்.

போவதற்கு மூன்று வழிகள். ஒன்று, அமெரிக்க அரசே செலவை ஏற்கும் கென்னடி-லூகர் யெஸ் திட்டம். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, 2002இல் தொடங்கியது. இந்தியாவிலிருந்தும் மாணவர்கள் போயிருக்கிறார்கள். விமானக் கட்டணம், காப்பீடு, கைச்செலவுப் பணம் எல்லாம் அவர்களே தருவார்கள். போட்டி கடுமை. அரசு நிதி என்பதால் ஒரு கட்டுப்பாடும் உண்டு: திரும்பி வந்து இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பிறகுதான் அமெரிக்காவில் எச் வகை வேலை விசாவோ கிரீன் கார்டோ வாங்க முடியும். மேற்படிப்புக்கு மாணவர் விசாவில் போக இது தடையில்லை. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் கிடைத்த இடத்தை விட்டவர்களும் உண்டு.

இரண்டாவது ரோட்டரி. நாம் காசு போட்டுப் போகும் மற்ற இரண்டு வழிகளில் செலவு கணக்கைப் பார்த்தால் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாவது இதுதான். விமான டிக்கெட், விசா, காப்பீடு நம் பொறுப்பு. அங்குள்ள கிளப் வீட்டையும் பள்ளியையும் ஏற்பாடு செய்து, மாதாமாதம் கைச்செலவுக்கும் கொஞ்சம் தரும். பெற்றோர் ரோட்டரி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. வழக்கமாக ஆண்டுக்கு மூன்று குடும்பங்கள் வரை மாறி மாறித் தங்கவைப்பார்கள். இது நல்லதும்தான், சிரமமும்தான்: ஒரு வீட்டுப் பழக்கம் பிடிபடும் நேரத்தில் பெட்டி கட்ட வேண்டும், ஆனால் சரியில்லாத வீட்டில் வருஷம் முழுக்க மாட்டிக்கொள்ளும் ஆபத்து குறைவு. குடிப்பது, போதைப்பொருள், கார் ஓட்டுவது, காதல் ஆகிய நான்குக்கும் தடை. ரோட்டரி அனுப்புவது அமெரிக்காவுக்கு மட்டுமல்ல. எந்த நாடு என்பதை விருப்பமாகச் சொல்லலாம், முடிவு அவர்கள் கையில். பெரும்பாலும் பதிலுக்கு ஒரு வெளிநாட்டுப் பிள்ளையை நம் வீட்டிலோ நம் ஊரிலோ வைத்துக்கொள்ள வேண்டிவரும் என்பதை மனைவியிடமும் மாமியாரிடமும் பேசிவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.

மூன்றாவது, அமெரிக்க வெளியுறவுத் துறையின் அனுமதி பெற்ற ஸ்பான்சர் அமைப்புகள் வழியாகப் பணம் கட்டிப் போவது. ஏ.எஃப்.எஸ். இவற்றில் மூத்தது. முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் ஓட்டிய தொண்டர்கள் அமைப்பாகத் தொடங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1947இல் பள்ளி மாணவர்களை அனுப்பத் தொடங்கியது. நம் ஊரில் விளம்பரம் செய்யும் ஏஜென்சி பெரும்பாலும் இடைத்தரகர்தான். அமெரிக்காவில் பொறுப்பேற்கும் ஸ்பான்சர் வேறொருவர். "உங்கள் அமெரிக்க ஸ்பான்சர் யார்? சிஎஸ்ஐஇடி பட்டியலில் இருக்கிறாரா?" என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். மாணவர் பரிமாற்ற அமைப்புகளின் தரத்தைச் சரிபார்த்து ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடும் அமைப்பு அது. பல மாநிலங்களில் பள்ளி விளையாட்டு அணியில் சேர, ஸ்பான்சர் அந்தப் பட்டியலில் இருந்தாக வேண்டும். பதில் சொல்லத் தயங்கும் ஏஜென்சியில் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

எப்போது போவது?

விதி, பள்ளிப் படிப்பில் 11 ஆண்டுக்கு மேல் முடித்திருக்கக் கூடாது என்கிறது. எல்கேஜி, யுகேஜி இதில் சேராது. வயது 15 முதல் பதினெட்டரை. ஏஜென்சிகள் பொதுவாக இரண்டையும் பார்க்கும். ஆகவே ப்ளஸ் டூ முடித்துவிட்டுப் போகலாம் என்ற யோசனை செல்லாது. ஏற்கெனவே மாணவர் விசாவில் அமெரிக்கப் பள்ளியில் படித்தவருக்கும் இடமில்லை.

நம் நாட்காட்டிக்கு ஒத்துவருவது ஒரே இடைவெளி: பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் ஆகஸ்டில் கிளம்பி, அடுத்த ஆண்டு ஜூனில் திரும்பி ப்ளஸ் ஒன்னில் சேர்வது. ஒரு வருஷம் பின்தங்கும், அதில் ஒளிவுமறைவு வேண்டாம். அங்கே படித்த வருஷத்தை ப்ளஸ் ஒன்னாகக் கணக்கில் எடுத்து நேரடியாக ப்ளஸ் டூவில் சேர்த்துவிடலாம் என்று சில ஏஜென்சிகள் வாய்வார்த்தையாகச் சொல்லும். பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்னால் பதினொன்றை அங்கீகாரம் பெற்ற போர்டில் முறையாகப் படித்து முடித்திருக்க வேண்டும் என்று போர்டு கேட்கும்போது, வாய்வார்த்தை சொன்னவர் போனை எடுக்கமாட்டார். திரும்பி வந்தால் ப்ளஸ் ஒன்னில் இடம் தருவோம் என்று தலைமையாசிரியரிடம் எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். டி.சி. யாரிடம் இருக்கும், இடைப்பட்ட ஆண்டுக்கு என்ன சான்று கேட்பார்கள் என்பதையும் அன்றைக்கே பேசிவிடுவது நல்லது.

இன்னொரு ஏமாற்றம் நம்மவர்களுக்கே உரியது. "சித்தப்பா நியூ ஜெர்சியில்தான் இருக்கிறார், அவர் வீட்டில் இருக்கட்டும்" என்பது இதில் நடக்காது. உறவினர் வீட்டில் தங்க விதி அனுமதிப்பதில்லை. நியூ ஜெர்சிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குவதும் அநேகமாக முடியாது. அடிப்படைத் திட்டத்தில் மாநிலத்தையோ ஊரையோ நாம் தேர்ந்தெடுப்பதில்லை. நிறைய பிள்ளைகள் போய்ச் சேர்வது, நடுமேற்கு மாநிலங்களில் பஸ்ஸே ஓடாத சிற்றூர்களுக்கு.

வீடு எப்படித் தேர்வாகிறது

ஜே-1 திட்டத்தில் பிள்ளையை ஏற்கும் குடும்பத்துக்குக் கட்டணம் கிடையாது. வருமான வரிக் கணக்கில் மாதத்துக்கு 50 டாலர் வரை நன்கொடையாகக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பணத்துக்காக யாரும் வருவதில்லை என்பது இதன் பெரிய பலம். பலவீனமும் அங்கேதான்: குடும்பங்களுக்குத் தட்டுப்பாடு. ஆகஸ்ட் 31க்குள் வீடு உறுதியாக வேண்டும் என்ற கெடு நெருங்க நெருங்க, ஸ்பான்சரின் உள்ளூர் பொறுப்பாளர்களான கோஆர்டினேட்டர்கள் கிடைத்த வீட்டைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள். ஏப்ரலில் அமைந்த வீட்டையும் ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அமைந்த வீட்டையும் ஒரே கண்ணால் பார்க்காதீர்கள்.

2009இல் பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரில் பரிமாற்ற மாணவர்கள் சிலரை அசுத்தமான, தகுதியற்ற வீடுகளில் தங்கவைத்திருந்தது வெளியே வந்து பெரும் பரபரப்பானது. அடுத்த ஆண்டே விதிகள் இறுகின. இப்போது 18 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை, வீட்டுக்கே போய் நேர்காணல், இரண்டு பேரின் பரிந்துரை எல்லாம் கட்டாயம். வீட்டின் வெளிப்புறம், சமையலறை, பிள்ளை தூங்கப்போகும் அறை, குளியலறை, கூடம் ஆகியவற்றின் படங்கள் கோப்பில் இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தனிக் கட்டில் வேண்டும். சோபாவை விரித்துப் படுக்கையாக்குவதும் காற்றடைத்த மெத்தையும் ஆகாது. அறையைத் தன் பாலினத்தவர் ஒருவரோடு பகிரலாம். பிள்ளையைக் கண்காணிக்கும் கோஆர்டினேட்டர் 120 மைலுக்குள், அதாவது ஏறக்குறைய 193 கிலோமீட்டருக்குள் வசிக்க வேண்டும். மாதம் ஒருமுறை பிள்ளையோடு பேச வேண்டும், முதல் மாதச் சந்திப்பு நேரில் நடக்க வேண்டும். தங்கவைக்கும் குடும்பத்தாரே அந்தப் பிள்ளைக்குக் கோஆர்டினேட்டராக இருக்கக் கூடாது.

விதி நன்றாகத்தான் இருக்கிறது. அது ஓடுவது அந்த ஒரு கோஆர்டினேட்டரின் காலில். அவர் பெரும்பாலும் முழுநேர ஊழியர் அல்ல. வேறு வேலைக்கு நடுவே இதையும் பார்ப்பவர். நூறு மைல் தள்ளி இருப்பவருக்கும் இருபது நிமிடத்தில் வந்து சேர்பவருக்கும் உள்ள வித்தியாசம், ஜனவரிப் பனியில் ஒரு பிரச்சினை வரும்போது தெரியும். ஏஜென்சியிடம் கேட்க வேண்டியது வெற்றிக் கதைகள் அல்ல: கோஆர்டினேட்டர் வீட்டிலிருந்து பிள்ளையின் வீடு எத்தனை மைல்? அவர் இந்த ஆண்டு எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார்? போன ஆண்டு அனுப்பியவர்களில் எத்தனை பேர் வீடு மாறினார்கள்? கடைசிக் கேள்விக்கு "ஒருவரும் இல்லை" என்று பதில் வந்தால் நம்பாதீர்கள். வீடு மாறுவது இந்தத் திட்டத்தில் சகஜம். அதை நேர்மையாகச் சொல்பவரிடம் பணம் கட்டலாம்.

குழந்தை இல்லாத தனியொருவர் வீடு என்றால், பெற்றோரும் பிள்ளையும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. "சம்மதிக்காவிட்டால் வேறு வீடு கிடைக்காது" என்ற அழுத்தம் அப்போதுதான் வரும். அதற்கு மசியாதீர்கள்.

குடும்பங்கள் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது விண்ணப்பத்தில் உள்ள கடிதத்தையும் படங்களையும் பார்த்து. இங்கேதான் நம்மவர்கள் சொதப்புவது அதிகம். அப்பா எழுதிக்கொடுத்த கடிதத்தில் 96 சதவீதமும் அபாகஸ் பரிசும் இருக்கும். படத்தில் ஸ்டூடியோ பின்னணியும் கோட்டும் இருக்கும். படிக்கும் குடும்பம் தேடுவது வேறு: சனிக்கிழமை காலை இந்தப் பிள்ளை என்ன செய்யும், நாய்க்குப் பயப்படுமா, எங்கள் சின்னப் பையனோடு விளையாடுமா, பாத்திரம் கழுவுமா. பிள்ளை தன் கையால், பிழையோடாவது, எழுதட்டும். தெருவில் கிரிக்கெட் ஆடும் படம், பாட்டியோடு முறுக்குப் பிழியும் படம், தங்கையோடு சண்டை போட்டுச் சிரிக்கும் படம் போதும்.

சைவம் என்றால் சைவம் என்று எழுதுங்கள், ஆனால் நுணுக்கமாக. முட்டை உண்டா? முட்டை போட்ட கேக்? கறி வெந்த பாத்திரத்தில் செய்த காய்கறி? வெறுமனே "சைவம்" என்றால் மீன் சாப்பிடலாம் என்று நினைக்கும் வீடுகள் உண்டு. தீவிர சைவம் என்றால் வீடு அமையத் தாமதமாகும். "எனக்கு வேண்டியதை நானே சமைத்துக்கொள்வேன்" என்ற ஒரு வரி பல கதவுகளைத் திறக்கும். எழுதிவிட்டால் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் சாதம், பருப்பு, இரண்டு பொரியல் கற்றுக்கொடுங்கள்.

ஊசியும் விசாவும்

எல்லோரும் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்வது தடுப்பூசியில். தடுப்பூசிச் சான்று இல்லாமல் அமெரிக்கப் பள்ளி வகுப்பில் உட்கார விடாது. அட்டவணை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்ட ஊசிகளே போதும் என்று எண்ணுவது தப்பு. நம் அரசு அட்டவணையில் இருப்பது தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்.ஆர். ஊசி. அங்கே கேட்பது பொன்னுக்குவீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர். இங்கே 10, 16 வயதில் போடுவது ரணஜன்னி, தொண்டை அடைப்பானுக்கான டி.டி. ஊசி. அங்கே கக்குவான் இருமலும் சேர்ந்த டிடாப் வேண்டும். சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையிலேயே இல்லை. அங்கே இரண்டு தவணை கேட்பார்கள். பதின்ம வயதுக்கு, மூளையுறைக் காய்ச்சலைத் தடுக்கும் மெனிங்கோகாக்கல் ஊசி கேட்கும் மாநிலங்களும் பல. எம்.எம்.ஆருக்கும் சின்னம்மைக்கும் இரண்டு தவணைகளுக்கிடையே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும் என்பதால் ஜூலையில் தொடங்கினால் தடுமாற்றம்தான். ஏப்ரலில் தொடங்குங்கள்.

காசநோய்ச் சோதனை தனிக் கதை. நம் பிள்ளைகள் எல்லோருக்கும் பிறந்ததும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டிருப்பதால், தோலில் செய்யும் மாண்டூ சோதனை நோய் இல்லாவிட்டாலும் தடித்துக் காட்டலாம். அதைப் பார்த்துப் பள்ளி நர்ஸ் எக்ஸ்ரே, சிகிச்சை என்று கிளம்பிவிடுவார். இக்ரா எனப்படும் ரத்தச் சோதனையை பிசிஜி பாதிக்காது. பள்ளி ஏற்குமா என்று கேட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு போவது உத்தமம்.

விசா வேலை சிக்கலானதல்ல. திட்டத்தில் சேர்த்ததற்குச் சான்றாக ஸ்பான்சர் அனுப்பும் டிஎஸ்-2019 படிவம் வந்த பிறகு, வெளிநாட்டு மாணவர் பதிவேடான செவிஸுக்குக் கட்டணம் 220 டாலர், விசாக் கட்டணம் 185 டாலர். கட்டும் நாளில் ஒருமுறை சரிபாருங்கள், இவை மாறிக்கொண்டே இருப்பவை. கைரேகையும் படமும் தனி மையத்தில், நேர்காணல் சென்னை ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில். 2025 ஜூனிலிருந்து மாணவர்களுக்கான எஃப், எம் விசாவோ பரிமாற்றத்துக்கான ஜே விசாவோ கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்துவைக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. பிள்ளையின் இன்ஸ்டாகிராம் பெயரைப் படிவத்தில் மறந்துவிடாதீர்கள். நேர்காணலில் கேள்வி பெற்றோருக்கு அல்ல, பிள்ளைக்கு. மனப்பாடப் பதில் அங்கே எடுபடாது. திரும்பி வந்து எந்த வகுப்பில் சேரப்போகிறாய் என்றால் தயங்காமல் சொல்லத் தெரிய வேண்டும். விசா மறுத்தால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதை ஒப்பந்தத்தில் முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிஎஸ்-2019 கைப்பையில் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டு குடியேற்றக் கவுன்டரில் விழிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அம்மா கட்டிக்கொடுக்கும் பெட்டியில் அரிசி, கொண்டைக்கடலை, பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். மூன்றுக்கும் அங்கே தடை. கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத ஊறுகாயும் சாம்பார் பொடியும் போகும், ஆனால் உணவு இருக்கிறது என்று சுங்கத்தில் சொல்லியே போக வேண்டும்.

அந்த வீட்டுக்குள்

பெரிய விஷயங்களில் யாரும் சண்டை போடுவதில்லை. கசப்பு குளியலறையில் தொடங்குகிறது. அங்கே குளியல் தொட்டிக்கு வெளியே தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. வீடு மரத்தால் கட்டியது. திரையைத் தொட்டிக்கு உள்பக்கம் விடாமல் குளித்தால் வெளியே தேங்கும் தண்ணீர் கீழ்த்தளக் கூரையை ஊறவைக்கும். பழுதுபார்க்க ஆகும் செலவு சிறியதல்ல. பக்கெட்டும் மக்கும் இருக்காது. குளியலுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், முடிந்ததும் வடிகாலில் சேர்ந்த முடியை எடுத்துக் குப்பையில் போட வேண்டும். நீளத் தலைமுடியுள்ள பெண் பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வைத்துப் படுத்தால் தலையணை உறையில் கறை படியும். தனியாக ஒரு பழைய துண்டு கொண்டுபோகலாம்.

தாளிக்கும் முன் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு ஜன்னலைத் திறக்க வேண்டும். கடுகும் மிளகாயும் எண்ணெயில் விழுந்தால் புகை அலாரம் வீட்டையே எழுப்பிவிடும்.

அடுத்து சாப்பாட்டு மேசை. நம் ஊரில் "போதும்" என்றால் இன்னொரு கரண்டி விழும். முதல் முறை மறுப்பது மரியாதை. அங்கே "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான், இரண்டாம் முறை கேட்பதில்லை. முதல் வாரம் பட்டினி கிடந்த பிள்ளைகள் எல்லோரும் இந்தக் குழப்பத்தில் விழுந்தவர்கள். பசித்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜில் எதைக் கேட்காமல் எடுக்கலாம், எதைக் கேட்டு எடுக்க வேண்டும் என்பதை இரண்டாம் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

நன்றி சொல்லும் விஷயம் இதைவிட ஆழமானது. தோசை சுட்டுப் போட்ட அம்மாவிடம் யாராவது "நன்றிம்மா" என்பார்களா? சொன்னால் அம்மாவே பதறிப்போவாள். அங்கே ஒவ்வொரு சாப்பாட்டுக்கும், காரில் கொண்டுபோய் விடும் ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். சொல்லாத பிள்ளையைப் பற்றி மூன்றாம் வாரத்தில் கோஆர்டினேட்டருக்குப் போகும் புகார் "நன்றிகெட்ட பிள்ளை" என்பது. பிள்ளைக்கோ தான் என்ன தப்புச் செய்தோம் என்றே புரியாது. அறைக் கதவை மூடிக்கொண்டு படிப்பதும் இப்படித்தான். நமக்கு அது ஒழுக்கம், அவர்களுக்கு அது முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வது. வீட்டுப்பாடத்தைக் கூடத்தில் உட்கார்ந்து எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஹோஸ்ட் அம்மா, அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்கு நாக்கு வராது. எதுவும் கூப்பிடாமல் பக்கத்தில் போய் நின்று பேச ஆரம்பிப்பார்கள், அது அங்கே விசித்திரமாகப் படும். முதல் நாளே "உங்களை எப்படிக் கூப்பிட?" என்று கேட்டுவிடுவது எளிது. தலையை இரு பக்கமும் ஆட்டினால் அங்கே யாருக்கும் அர்த்தம் தெரியாது. வாயால் பதில் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. கூப்பிடலாம், கட்டாயப்படுத்த முடியாது. ஒருமுறை போய்ப் பார்ப்பதும், பிடிக்காவிட்டால் மரியாதையாக மறுப்பதும் பிள்ளையின் இஷ்டம். வேலை செய்து சம்பாதிக்க அனுமதியில்லை. பக்கத்து வீட்டில் எப்போதாவது குழந்தையைப் பார்த்துக்கொள்வது, புல் வெட்டுவது போன்ற சில்லறை வேலை செய்யலாம். கார் ஓட்டத் தடை என்பதால் எங்கே போகவும் யாராவது கொண்டுவிட வேண்டும். பள்ளி முடிந்து விளையாட்டுப் பயிற்சிக்கு இருந்தால் மாலை யார் அழைத்துவருவார்கள் என்பதை அணியில் சேரும் முன் பேச வேண்டும்.

படிப்பு, பணம், காப்பீடு

பள்ளியைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. ஆங்கிலமும் அமெரிக்க வரலாறும் எடுக்கச் சொல்வார்கள். நம் பத்தாம் வகுப்புக் கணக்கு படித்தவருக்கு அங்கே கணக்கு சிரமமில்லை. தடுமாறவைப்பது வகுப்பில் பேசுவதும் வாராவாரம் ஒப்படைக்கும் கட்டுரைகளும். சி கிரேடுக்குக் கீழே போனால் ஸ்பான்சர் எச்சரிக்கை அனுப்புவார். பள்ளிப் படிப்பை முடித்ததற்கான டிப்ளோமா கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்பவரைச் சந்தேகியுங்கள். நாடகம், பேண்டு, ஓட்டம் என்று ஏதாவது ஒன்றில் முதல் மாதமே சேர்ந்த பிள்ளைக்குத்தான் நண்பர்கள் அமைகிறார்கள். அணியில் சேர மருத்துவர் கையெழுத்திட்ட உடல்தகுதிப் படிவம் தேவை.

கைச்செலவுக்கு மாதம் 200 முதல் 300 டாலர் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதத்துக்கு 2,000 முதல் 3,000 டாலர், ஏஜென்சிக் கட்டணத்துக்கு மேல். பள்ளி மதிய உணவை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் குடும்பம் தரும், பள்ளியில் வாங்கினால் பல திட்டங்களில் பிள்ளையின் செலவு.

காப்பீட்டில் ஜே-1 விதி கேட்கும் குறைந்தபட்சம், ஒரு நோய் அல்லது விபத்துக்கு 1,00,000 டாலர். நாம் முதலில் கட்ட வேண்டிய தொகை 500 டாலரைத் தாண்டக் கூடாது. அது குறைந்தபட்சம்தான். பல் வைத்தியம், கண்ணாடி, ஏற்கெனவே இருக்கும் நோய், பள்ளி அணியில் ஆடும்போது வரும் காயம் இவற்றைப் பல பாலிசிகள் விட்டுவிடும். கடைசியாகச் சொன்னதைத் தவறாமல் கேளுங்கள். கண்ணாடி போடும் பிள்ளை இரண்டு ஜோடி கொண்டுபோகட்டும். பல்லில் கம்பி போட்டிருந்தால் அங்கே யார் இறுக்குவார், எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் அனுப்பாதீர்கள்.

ஒத்துவராவிட்டால்

முதல் இரண்டு மூன்று வாரம் அழுகை இயல்பு. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரிவரை, அவர்கள் பண்டிகையும் இருட்டும் குளிரும் சேரும்போது மறுபடி வரும். தீபாவளி பெரும்பாலும் அங்கே சாதாரணப் பள்ளி நாள். அன்று பிள்ளை அந்த வீட்டாருக்கு ஒரு இனிப்புச் செய்துகொடுக்கத் திட்டமிடட்டும். தினமும் வீடியோ கால் போடும் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் தவிக்கிறார்கள் என்பதில் எந்தக் கோஆர்டினேட்டருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. வாரம் ஒருமுறை, நேரம் குறித்து, அரை மணி. அம்மாக்களுக்கு இதுதான் திட்டத்திலேயே கடினமான பகுதி.

ஏக்கம் வேறு, வீடு சரியில்லாதது வேறு. சாப்பாடு போதவில்லை, அறை பூட்ட முடியவில்லை, யாராவது தொடுகிறார்கள், மிரட்டுகிறார்கள், இரவு முழுக்கத் தனியாக விட்டுப் போகிறார்கள் என்றால் பழகிப்போகும் என்று காத்திருக்கக் கூடாது. பிள்ளையிடம் ஸ்பான்சர் தரும் ஓர் அடையாள அட்டை இருக்கும். அதில் கோஆர்டினேட்டர், ஸ்பான்சரின் அவசர எண், வெளியுறவுத் துறையின் கட்டணமில்லா எண் மூன்றும் இருக்கும். முதலில் கோஆர்டினேட்டர். அவர் அந்தக் குடும்பத்துக்கு நண்பராக இருந்து மழுப்பினால் ஸ்பான்சர். அங்கேயும் அசையாவிட்டால் வெளியுறவுத் துறை. உடனடி ஆபத்து என்றால் நேராக அங்குள்ள அவசர உதவி எண் 911. போனில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள், தேதியோடு. எழுத்தில் இல்லாத புகாருக்கு அங்கே உயிர் இல்லை. சென்னை ஏஜென்சி "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க சார்" என்றால், அந்த வாக்கியத்தையும் எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

திரும்பும் முன் மே மாதத்திலேயே பள்ளிக் கவுன்சிலரிடம் மதிப்பெண் பட்டியலை முத்திரையிட்ட உறையில் இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஜூன் பிறந்துவிட்டால் பல பள்ளி அலுவலகங்களில் ஆள் இருக்கமாட்டார்கள். பத்து மாதத்தில் சேரும் குளிர்கோட்டும் பூட்ஸும் பெட்டிக்குள் அடங்காது. தபாலில் அனுப்பும் செலவுக்கு இங்கே புதிதாக இரண்டு கோட்டு வாங்கிவிடலாம், ஆனால் சென்னையில் கோட்டு யாருக்கு வேண்டும்? அடுத்த ஆண்டு வரும் பிள்ளைக்கு என்று கோஆர்டினேட்டரிடம் விட்டுவிட்டு வரலாம்.